பெயரில்லாத விழுப்புண்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, இன்று மாலை புறநானூற்று வகுப்பு என்று எண்ணி வந்தவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களை முழுக்க ஏமாற்ற மாட்டேன். தொடங்குவது அங்கேதான். ஆனால் பத்து நிமிடத்தில் உங்களை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பருத்திக்காடு ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அங்கிருந்து வேறெங்கும் தப்பிக்க முடியாது.

போர்க்களத்தில் படும் புண்ணை நம் பழைய மரபு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முகத்திலோ மார்பிலோ பட்டால் விழுப்புண். அது பெருமை. அப்படிப் புண்படாமல் போன நாட்களை வீணாய்ப் போன நாட்களின் கணக்கில் வீரன் சேர்த்துவிடுவான் என்று வள்ளுவர் சொல்கிறார். முதுகில் பட்டால் புறப்புண். அது நாணம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். முன்னால் வந்த வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளியேறியது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எதிரியை நேருக்கு நேர் பார்த்து நின்றவன்தான். இருந்தும் முதுகில் ஒரு புண் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

களத்தில் இறந்தவனுக்கு நடுகல். அதற்கும் நம்மவர்கள் முறை வகுத்திருக்கிறார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. கல்லைத் தேடுவதிலிருந்து அதை வாழ்த்துவது வரை எதையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவு நுட்பமான கணக்கில் ஒருவனுக்கு மட்டும் இடமில்லை. அவன் களத்தில் சாகவில்லை. புறமுதுகும் காட்டவில்லை. உடம்பில் பட்ட புண்களெல்லாம் ஆறி, மாலை மரியாதையோடு வீடு திரும்பியவன். பகலில் நன்றாகத்தான் இருக்கிறான். இரவில் தூக்கம் இல்லை. மார்பிலும் இல்லாத, முதுகிலும் இல்லாத அவன் புண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது? இன்று நான் பேச வந்தது அப்படி ஒருவரைப் பற்றி. அவர் பெயர் ஆடி மர்ஃபி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பெற்ற பதக்கங்களைப் பேசத் தொடங்கினால் முதல் வரிசையில் வரும் பெயர். நம்மில் வயதானவர்களுக்குக் குதிரையும் துப்பாக்கியுமாகத் திரையில் பார்த்த முகமாகவும் நினைவிருக்கலாம்.

1

1925 ஜூன் 20-ஆம் தேதி டெக்சாஸின் ஹன்ட் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த ஏழைகள். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஏழாமவர். வாரக்குடி வீட்டின் நிலைமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளைந்தாலும் கடன், விளையாவிட்டாலும் கடன். பையன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பருத்தி எடுக்கப் போனான். தந்தை ஒருநாள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அடுப்பு எரிய வேண்டுமென்றால் பையன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முயலும் அணிலும் சுட்டு வர வேண்டும். தோட்டாவுக்குக் காசு வேண்டும் என்பதால் குறி தவறுவது அவனுக்குக் கட்டுப்படியாகாத செலவு. பின்னாளில் உலகம் வியந்த குறி, பசியில் பழகிய குறி.

1941-ல் தாய் இறந்தார். பையனுக்கு வயது பதினாறுகூட ஆகவில்லை. சின்னவர்கள் மூன்று பேர் அநாதை விடுதிக்குப் போனார்கள். தாயின் சாவு தனக்குள் ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், அவருடைய துக்கக் கணக்கு போரில் தொடங்கவில்லை. போருக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி முடிந்திருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. பையன் படைக்குப் போக ஓடினான். வயது போதாது, எடை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மூத்த சகோதரி வயதைக் கூட்டி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தார். 1942 ஜூன் இறுதியில் தரைப்படை எடுத்துக்கொண்டது. உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம், எடை ஐம்பது கிலோவைச் சற்றே தாண்டியது. பயிற்சியின்போது மயங்கி விழுந்தான். பார்த்த அதிகாரி, இவனைச் சமையல் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். மாட்டவே மாட்டேன், களத்துக்குத்தான் போவேன் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றான். கூட இருந்தவர்கள் ‘பேபி’ என்று பெயர் வைத்தார்கள்.

2

அவரைச் சேர்த்தது மூன்றாம் காலாட்படை டிவிஷன், பதினைந்தாவது ரெஜிமென்ட், பி கம்பெனி. 1943 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்காவில் இறங்கி, ஜூலை 10-ஆம் தேதி சிசிலித் தீவில் கரையேறினார். முதன்முதலாக அவர் மனிதர்களைச் சுட்டது அங்கேதான். வெள்ளைக் குதிரைகளில் ஏறித் தப்பப் பார்த்த இரண்டு இத்தாலிய அதிகாரிகள். முயலைச் சுட்ட அதே குறி. இரண்டு பேரும் விழுந்தார்கள். தப்பி ஓடுகிறவர்களை ஏன் சுட்டாய் என்று உடனிருந்தவர் கேட்டதையும், நம் வேலை அதுதானே என்று தாம் சொன்னதையும் தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

சிசிலியில் நடந்த இன்னொரு செய்தியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மர்ஃபிக்கு அதில் பங்கில்லை, ஆனால் அவர் கதைக்கு அது வேண்டும். அவருடைய டிவிஷன் இருந்த ஏழாம் படைக்குத் தலைவர் ஜெனரல் பேட்டன். 1943 ஆகஸ்டில், ஒரு வார இடைவெளியில், இரண்டு மருத்துவ முகாம்களைப் பார்வையிடப் போனார். ரத்தமும் கட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாயை, உனக்கு என்ன என்று கேட்டார். தாங்க முடியவில்லை என்று பதில் வந்தது. ஜெனரல் அவனைக் கோழை என்று திட்டி அறைந்தார். இரண்டாவது முகாமிலும் அதேதான். முதலில் அறை வாங்கியவருக்கு மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்தது பிறகு தெரிந்தது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், பேட்டனை மன்னிப்புக் கேட்க வைத்தார்.

நம் பழைய கணக்கை நினைத்துப் பாருங்கள். மார்பில் புண் இல்லையென்றால் அது முதுகுப் புண்தான் என்று பேட்டன் முடிவு கட்டினார். மூன்றாவதாக ஒன்று உண்டு என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. அந்தத் தீவில், அந்தப் படையில், பதினெட்டு வயது மர்ஃபியும் இருந்தார். புலம்பினால் என்ன கிடைக்கும் என்பது அங்கிருந்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் அப்போதே தெரிந்துபோயிற்று.

சிசிலியிலிருந்து இத்தாலி. அந்த ஆண்டு நவம்பரில் மிஞ்ஞானோ என்ற ஊரை ஒட்டிய மலைகளில் மர்ஃபியின் டிவிஷன் போரிட்டது. தமிழர்களுக்கு அந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. சில மாதங்கள் கழித்து, 1944-ல், அதே மிஞ்ஞானோவில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போய்க்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். மிதித்ததற்கும் வெடிப்பதற்கும் இடையில் நான்கு விநாடி. அந்த நான்கு விநாடிக்குள் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்துக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவரை எப்படி நினைப்பது என்று நமக்குத் தெரியும். கைகூப்பி நிற்போம், கல் நடுவோம். பிழைத்து வந்தவரை எப்படி நினைப்பது என்பதில்தான் நமக்கும் சரி, உலகத்துக்கும் சரி, இன்னும் பழக்கம் போதவில்லை.

3

1944 ஆகஸ்ட் 15. தெற்குப் பிரான்சில் ரமட்டுயேல் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் மர்ஃபியின் படை இறங்கியது. திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஒரு குன்றை நோக்கி முன்னேறினார்கள். அவருக்கு மிக நெருங்கிய தோழர் லாட்டி டிப்டன் உடன் இருந்தார். எதிரில் ஜெர்மானியர்கள் வெள்ளைக்கொடி காட்டினார்கள். சரணடைகிறார்கள் என்று நம்பி டிப்டன் எழுந்து நின்றார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அதன்பின் மர்ஃபி செய்தது, அமெரிக்காவின் இரண்டாவது உயர்ந்த வீரப் பதக்கத்துக்குக் காரணமாயிற்று. எதிரியின் இயந்திரத் துப்பாக்கியையே கைப்பற்றி, தோழனைக் கொன்றவர்களைக் கொன்று, தனியாளாக மேலும் சில நிலைகளைப் பிடித்தார். பதக்கத்தை வழங்கியவர்கள் அதைத் துணிவு என்று பதிந்தார்கள். அதில் துணிவைவிடத் துக்கம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவர் தம் நூலைக் காணிக்கையாக்கியது எந்தத் தளபதிக்கும் அல்ல. லாட்டி டிப்டனுக்கும், இத்தாலியின் ஆன்சியோவில் இறந்த இன்னொரு சாதாரணச் சிப்பாய் நண்பருக்கும்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் களத்திலேயே அதிகாரியாகப் பதவி உயர்ந்தார். சில நாட்களில் மறைந்திருந்து சுட்டவன் ஒருவனின் தோட்டா இடுப்பில் பாய்ந்தது. புண் அழுகி, சதையை வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. ஜனவரியில்தான் மறுபடி களத்துக்கு வந்தார்.

1945 ஜனவரி 26. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஹோல்ட்ஸ்விர் என்ற கிராமத்துக்கு வெளியே காட்டோரம். தரையெல்லாம் உறைபனி. இழப்புகளால் அதிகாரிகள் ஒவ்வொருவராகப் போக, பி கம்பெனியின் பொறுப்பு பத்தொன்பது வயது மர்ஃபியிடம் வந்திருந்தது. அவர் கையில் மிஞ்சியிருந்தவர்கள் சொற்பம். ஆறு டாங்கிகளும் அலையலையாகக் காலாட்படையும் எதிரே வந்தன. ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொன்னார். தாம் மட்டும் தொலைபேசியோடு முன்னாலேயே நின்று, பின்னாலிருந்த பீரங்கிகளுக்கு எங்கே சுடுவதென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அமெரிக்க டாங்கி அழிப்பு வண்டி ஒன்று குண்டுபட்டு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எண்ணெயும் வெடிகுண்டுகளும். எந்த நொடியும் வெடிக்கலாம் என்று அதன் ஆட்கள் விட்டு ஓடியிருந்தார்கள். மர்ஃபி அதன்மேல் ஏறினார். மேலே பொருத்தியிருந்த கனரக இயந்திரத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துச் சுடத் தொடங்கினார். மூன்று பக்கமிருந்தும் அவரை நோக்கிச் சுட்டார்கள். எதிரிகள் சிலர் பத்துக் கெஜம் வரை நெருங்கி வந்தார்கள். காலில் காயம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலாட்படையின் துணை இல்லாமல் டாங்கிகள் பின்வாங்கின. தோட்டா தீர்ந்த பிறகு இறங்கி நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய், மருத்துவம் வேண்டாமென்று சொல்லி, ஆட்களைத் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தினார். அவரால் வீழ்ந்தவர்களும் காயம்பட்டவர்களும் ஐம்பது பேரளவு என்று பதக்கச் சான்று சொல்கிறது.

மெடல் ஆஃப் ஆனர் என்னும் அந்நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் 1945 ஜூன் 2-ஆம் தேதி ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் அருகே அவர் கழுத்தில் ஏறியது. அன்று அவருக்கு இருபது வயது நிறையவில்லை. சட்டப்படி வாக்களிக்கும் வயதும் வரவில்லை.

4

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுகள் இங்கே கைதட்டலோடு முடிந்துவிடும். நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

ஊர் திரும்பினார். ஊர்வலங்கள், விருந்துகள். 1945 ஜூலை 16-ஆம் தேதியிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில் அவர் முகம். சிரிக்கும் பள்ளிக்கூடப் பையன் முகம். அந்தப் படத்தைப் பார்த்த நடிகர் ஜேம்ஸ் காக்னி அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். போனதும் வாய்ப்பு கொட்டவில்லை. சில காலம் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் படுத்துறங்கிக் காலம் கழித்தார். நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் பெற்றவர் படுக்க வீடில்லாமல் இருந்தார் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறது. பதக்கம் கழுத்தில் தொங்கும், அடுப்பில் ஏறாது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் கையில் காசு சேர்ந்தபோது அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, மூத்த சகோதரிக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்து, அநாதை விடுதியில் இருந்த தம்பி தங்கைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

1949-ல் ‘டு ஹெல் அண்ட் பேக்’ என்ற தன்வரலாறு நண்பர் ஒருவரின் கைவண்ணத்தோடு வந்தது. அதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தாம் பெற்ற பதக்கங்களைப் பற்றி அவர் அதில் பேசுவதில்லை. செத்தவர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

அடுத்து வந்த ஒரு படம், அவர் நடித்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில், இன்றைய பேச்சுக்கு மிக முக்கியமானது. அதற்கு மூலம், ஸ்டீஃபன் கிரேன் 1895-ல் வெளியிட்ட ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ என்ற நாவல். சிவப்புச் சின்னம் என்றால் காயம். அப்படியே நம் விழுப்புண்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓர் இளைஞன் பயந்து களத்தைவிட்டு ஓடுகிறான். காயம்பட்டவர்கள் நடந்துபோவதைப் பார்த்து, தனக்கும் ஒரு காயம் இருந்தால் தேவலையே என்று ஏங்குகிறான். கடைசியில் தன் பக்கத்துச் சிப்பாய் ஒருவனே ஓடும் அவசரத்தில் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடிக்க, அந்தக் காயத்தைப் போர்க்காயம் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். விழுப்புண் என்ற பெருமையின் அடிமடியிலேயே கைவைத்த கதை.

1951-ல் வந்த படத்தில், களத்தைவிட்டு ஓடும் அந்த இளைஞனாக நடித்தவர் ஆடி மர்ஃபி. எரியும் வண்டிமேல் ஏறி நின்றவர், ஓடுகிறவனாக நடித்தார். அவரை அதற்குத் தேர்ந்தெடுத்த இயக்குநர் ஜான் ஹஸ்டனுக்கும் ஒரு முன்கதை உண்டு. போரில் மனம் உடைந்து மருத்துவமனைக்கு வந்த சிப்பாய்களைப் பற்றி, படைத்துறைக்காகவே 1946-ல் ‘லெட் தேர் பி லைட்’ என்ற ஆவணப்படத்தை எடுத்திருந்தார். அழுகிறவர்கள், பேச்சு நின்றவர்கள், கால் இருந்தும் நடக்க முடியாதவர்கள். பார்த்த படைத்துறை படத்தைப் பூட்டி வைத்துவிட்டது. 1980 வாக்கில்தான் அது பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது. அந்தப் படத்தை எடுத்த கண்தான் மர்ஃபியின் பையன் முகத்துக்குப் பின்னால் வேறொன்றைப் பார்த்தது என்று நினைக்கிறேன். மர்ஃபி நடித்த படத்தையும் தயாரிப்பு நிறுவனம் வெட்டிக் குறைத்து எழுபது நிமிடம்கூட இல்லாமல் வெளியிட்டது. ஓடிப்போகிறவனின் கதையை முழு நீளத்துக்கு உட்கார்ந்து பார்க்க யாருக்கும் மனமில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1955-ல், அவருடைய தன்வரலாறு படமானது. தம் வேடத்தைத் தாமே போடுவதற்கு முதலில் தயங்கினார், வேறு நடிகரைப் பரிந்துரைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். படம் பேய் ஓட்டம் ஓடியது. யுனிவர்சல் நிறுவனத்துக்கு நல்ல வசூல். பத்தாண்டுக்கு முன் தாம் நின்ற இடத்தைப் போலப் போடப்பட்ட ஒரு களத்தில், எரியும் டாங்கிமேல் அவர் மறுபடி ஏறினார். தோழன் சாவதை மறுபடி பார்த்தார், ‘கட்’ சொன்னதும் எழுந்து நிற்கும் தோழன். உண்மைத் தோழன் எழவில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த காட்சி.

5

இப்போது இரவுகளுக்கு வருவோம்.

தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் அவரால் படுக்க முடிந்தது. தூக்கம் வந்தால் கெட்ட கனவு. தலைவலி, வாந்தி. 1949-ல் நடிகை வாண்டா ஹென்ட்ரிக்ஸை மணந்தார். இரண்டு ஆண்டில் மணவிலக்கு. தம்மை நோக்கி அவர் துப்பாக்கி நீட்டிய சந்தர்ப்பம் உண்டு என்று வாண்டா பின்னர் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இந்த உரையைத் தயாரிக்கும்போது ஒரு கணம் நினைத்தேன். விட்டால் நானும் லைஃப் இதழின் அட்டைப்படத்தைத்தான் உங்களுக்குக் காட்டியவனாவேன். போர் அவருக்கு இழைத்ததை அவர் மட்டும் தாங்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் தாங்கினார்கள். அவர்களுக்குப் பதக்கம் கிடையாது.

அதே 1951-ல் பமேலா ஆர்ச்சர் என்பவரை மணந்தார். இரண்டு மகன்கள். சூதாட்டம் அவரை விடவில்லை. குதிரைப் பந்தயத்திலும் சீட்டாட்டத்திலும் பெரும்பணம் போயிற்று. அறுபதுகளின் நடுவில் தூக்கத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த பிளாசிடில் என்ற மாத்திரைக்கு அடிமையானார். அடிமையாகிவிட்டோம் என்று உணர்ந்ததும் ஒரு விடுதி அறையில் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு, மாத்திரை இல்லாமல் ஒரு வாரம் கிடந்து அதிலிருந்து வெளியே வந்தார். ஹோல்ட்ஸ்விரில் அவர் நின்றது ஒரு மணி நேரம். இங்கே ஏழு நாள். பீரங்கி உதவிக்குத் தொலைபேசியும் இல்லை.

1968-ல் திவாலானார். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரத்தில் வந்தால் கொட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். என்னைப் பார்த்துப் பிள்ளைகள் பழகக்கூடாது என்று மறுத்துவிட்டார். கடன் கழுத்தை நெரிக்கும்போது மறுத்தார் என்பதுதான் அதில் விஷயம்.

இவ்வளவும் தனி மனிதர் ஒருவரின் துன்பம். அதை அவர் தமக்குள் வைத்துக்கொண்டு செத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சு இல்லை. அவர் வாயைத் திறந்தார். நானும் அந்த நோய்க்காரன்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பும் சிப்பாய்களின் மனத்தை அரசு ஆராய வேண்டும், அவர்களுக்கு மருத்துவம் தர வேண்டும் என்று கேட்டார். சொன்னது யார் என்று யோசியுங்கள். வேறொரு சிப்பாய் சொல்லியிருந்தால் பேட்டன் வகையறாவினர் கோழை என்ற ஒரே சொல்லில் கதையை முடித்திருப்பார்கள். இவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? தம் பதக்கங்களை அவர் உருப்படியாகப் பயன்படுத்திய இடம் அதுதான் என்பது என் துணிபு. திரைக்கு அவை விளம்பரமாயின. இங்கே மற்றவர்களுக்குக் கேடயமாயின.

அமெரிக்கப் படை மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. இடைவிடாமல் களத்தில் நிறுத்தினால் 200 முதல் 240 நாளுக்குள் எந்தச் சிப்பாயும் உடைந்துபோவான் என்று 1946-லேயே எழுதினார்கள். எந்தச் சிப்பாயும் என்பதைக் கவனியுங்கள். கோழை மட்டுமல்ல. அந்த நோய்க்குப் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. உள்நாட்டுப் போரில் ‘சிப்பாய் இதயம்’ என்றார்கள். முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’. இரண்டாம் போரில் ‘போர்க் களைப்பு’, ஏதோ இரண்டு நாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பதைப் போல. வியட்நாம் சிப்பாய்கள் விடாமல் குரல் எழுப்பிய பிறகு, 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அதிகாரபூர்வமாக ஒரு பெயர் ஏறியது. தமிழில் அதைப் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்கிறோம். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் பெயர் என்று ஒன்று வந்தால்தான் மருத்துவமனையில் சீட்டு எழுத முடியும். அந்தப் பெயர் வரும்போது ஆடி மர்ஃபி இறந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

6

1971 மே 28. தொழில் விஷயமாக ஒரு சிறு விமானத்தில் போனார். வர்ஜீனியா மாநிலத்தில் மழையும் மூடுபனியும். விமானம் பிரஷ் மலையில் மோதியது. உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது நாற்பத்தைந்து.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர்களின் கல்லில் எழுத்துகளுக்குப் பொன் பூசுவது அங்கே வழக்கம். தமக்கு அது வேண்டாம், சாதாரணச் சிப்பாயின் கல்லே போதும் என்று சொல்லியிருந்தார். அப்படியே வெறுங்கல். பார்க்க வருபவர்களின் கூட்டம் தாங்காமல் பின்னால் ஒரு நடைபாதை போட வேண்டியதாயிற்று.

அந்த நடுகல்லில் ஒரு பிழை உண்டு. பிறந்த ஆண்டு 1924 என்று பொறித்திருக்கிறது. படையில் சேர்வதற்காகச் சகோதரி எழுதிக் கொடுத்த அந்தப் பொய் வயது அரசுக் காகிதங்களிலேயே தங்கி, கடைசியில் கல்லிலும் ஏறிவிட்டது. போருக்குப் போக ஒரு பையன் தன் வயதில் கூட்டிக்கொண்ட ஓராண்டை அவன் செத்த பிறகும் யாரும் குறைக்கவில்லை.

7

பேச்சை இங்கே முடித்திருக்கலாம். கல்லோடு முடிப்பதுதான் நம் வழக்கமும். ஆனால் இன்னும் ஒருவர் மீதம் இருக்கிறார்.

கணவர் இறந்தபோது பமேலாவுக்கு மிஞ்சியது கடன். பெரிய வீட்டை விட்டு ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். கடனை அடைக்க ஒரு வேலை தேடினார். கிடைத்தது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் செபுல்வீடா பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் எழுத்தர் வேலை. சில ஆண்டுகள் பார்த்துவிட்டு விட்டிருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் பார்த்தார். எண்பது வயதைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தார்.

அங்கே வந்தவர்கள் மர்ஃபியின் போரில் இருந்தவர்கள், கொரியாவில் இருந்தவர்கள், வியட்நாமில் இருந்தவர்கள். யாரும் அட்டைப்படத்தில் வந்தவர்கள் அல்ல. ஒவ்வொருவரையும் மரியாதையோடு பெயர் சொல்லி அழைப்பார். மணிக்கணக்காகக் காத்திருக்கும் ஒருவரைக் கண்டால், கையில் காகித அட்டையோடு அருகில் போய், என்னோடு வாருங்கள் என்று சொல்லி நேரே மருத்துவரின் அறைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவாராம். வரிசை, முன்பதிவு, விதி எல்லாம் அந்த நேரத்தில் அவருக்குக் காது கேட்காது. 2010-ல் தம் தொண்ணூறாவது வயதில் இறந்தார்.

அவர் எந்த மேடையிலும் ஏறிப் பேசியதாக நான் படித்ததில்லை. அந்த மனிதர்களின் மார்பையோ முதுகையோ பார்த்து அவர் புண்ணைத் தேடியிருக்க மாட்டார். இருபது ஆண்டு ஒரே கூரையின் கீழ், தலையணைக்கு அடியில் துப்பாக்கி இருந்த ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த நடைவழியில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் முந்தின இரவு தூங்கவில்லை என்பது, சீட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.